ஜாமீன் மனு தள்ளுபடி ஆனால் ஆர்டரைப் படிப்பது எப்படி? முதல்முறை கோர்ட்டுக்கு வரும் டெல்டாக் குடும்பங்களுக்கு

‘ஜட்ஜ் என்ன சொன்னாரு?’ என்று கேட்டால் ‘பெயில் இல்லைன்னுட்டாரு’ என்று உடனே பதில் வரும். ‘ஏன் இல்லைன்னாரு?’ என்று அடுத்துக் கேட்டால் அண்ணன் தம்பியைப் பார்ப்பார், தம்பி மச்சானைப் பார்ப்பார். கும்பகோணம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் கேஸ் கட்டு தூக்குகிறவன் நான். முதல்முறை கோர்ட் படி ஏறும் குடும்பங்கள் தள்ளுபடி ஆர்டரின் நகலை வாங்குவதே இல்லை. வாங்கினாலும் ‘மனு தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்ற கடைசி வரியைப் பார்த்துவிட்டு மடித்து மஞ்சப்பையில் வைத்துவிடுவார்கள். அடுத்த மனுவில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த வரிக்கு மேலே உள்ள நாலைந்து வரிகளில் இருக்கிறது.

வாதாடுவது வக்கீலின் வேலை. அவர் வாதாடுவதற்கான தாள்களைச் சேர்த்துக் கொடுப்பது குடும்பத்தின் வேலை. எந்தத் தாள், எப்போது, எதற்கு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரத்தைக் கழித்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அங்கே மாஜிஸ்திரேட் ‘ரிமாண்ட்’ செய்வார், அதாவது நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவிடுவார். ஒரு தடவைக்கு 15 நாள் வரை. இது தண்டனை இல்லை. ஊரில் ‘உள்ளே போட்டுட்டாங்க’ என்று பேசுவார்கள், பேசட்டும். குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்குள் கோர்ட் இன்னும் போகவே இல்லை.

ஆனால் ஒருவரை உள்ளே வைப்பதற்கான காரணம் முதல்முதலாகத் தாளில் ஏறுவது இந்த இடத்தில்தான். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், போலீஸ் நினைத்தவுடன் கைது செய்துவிட முடியாது. மறுபடியும் குற்றம் செய்யாமல் தடுக்க, ஒழுங்காக விசாரிக்க, சாட்சியத்தை அழிக்காமல் பார்த்துக்கொள்ள, சாட்சிகளை மிரட்டாமல் இருக்க, கோர்ட்டுக்கு வரவைக்க என்று சட்டம் சொல்லும் காரணங்களில் எதனால் கைது அவசியமானது என்று எழுதிக் காட்ட வேண்டும். அதை மாஜிஸ்திரேட் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. கைதுக்கான காரணத்தை அந்த ஆளுக்குப் புரியும்படி தெரிவிக்கவில்லை என்றால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

ஆகவே ரிமாண்ட் அன்று அழுதுகொண்டு வேனுக்குப் பின்னால் ஓடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காவல் நிலையம் எது, க்ரைம் நம்பர் என்ன, என்னென்ன பிரிவுகள், நம் ஆள் ஏ1-ஆ ஏ4-ஆ (குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் எத்தனையாவது ஆள்), ரிமாண்ட் ஆன தேதி, எந்தச் சிறை. இத்தனையும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறை என்றால் திருச்சி மத்திய சிறையாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் கிளைச் சிறையாகவும் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். போக்சோ மாதிரியான வழக்குகள் மட்டும் அதில் இருக்காது.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் போடுங்கள், அல்லது அந்தந்த கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார் என்ற பேச்சு உண்டு. நான் பார்த்தவர்களில் அப்படியும் இருக்கிறார்கள், ராத்திரி எட்டு மணிக்குச் சிறைக்குப் போன் போட்டு விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்கும் வக்கீலிலும் இதே இரண்டு வகை உண்டு.

நாள் கணக்கு

நோட்டில் இரண்டாவது பக்கம் காலண்டர். 2024 ஜூலை 1-இலிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் அதன் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. அதில் 187-ஆவது பிரிவு இந்தக் கணக்கைச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றதற்கு 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால், குற்றம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஜாமீன் கேட்பது உரிமை. இங்கே நீதிபதி குற்றத்தின் கடுமையை எடைபோட மாட்டார், நாளை மட்டும் எண்ணுவார். கோர்ட் பேச்சில் ‘ஸ்டேட்யூட்டரி பெயில்’ என்பது இதுதான்.

ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஜூன் 1-ஆம் தேதி ரிமாண்ட் என்றால் ஜூலை 30-ஆம் தேதி அறுபதாவது நாள். அன்று சாயங்காலம் வரை குற்றப்பத்திரிகை வரவில்லையா? ஜூலை 31 காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் போடாமல் ‘மத்தியானம் பார்த்துக்கலாம்’ என்று விட்டு, பன்னிரண்டு மணிக்குப் போலீஸ்காரர் குற்றப்பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த உரிமை போயிற்று.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகள் நாடு முழுவதற்கும் வழி சொல்லியிருக்கின்றன. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்த 60, 90 நாளை நீட்ட முடியாது என்று 2020 ஜூனில் காசி வழக்கிலும், இவ்வகை ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போடக் கூடாது என்று அதே வருடம் அக்டோபரில் சரவணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளில் வணிக அளவு என்றால் மட்டும் கணக்கு வேறு: 180 நாள்.

ஆர்டரை வாங்குங்கள்

மனு தள்ளுபடி ஆன அன்றே நகல் மனு போடச் சொல்லுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்குத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டாலும் பல ஆர்டர்கள் வந்துவிடும். அது ஆங்கிலத்தில் இருக்கலாம், தமிழில் இருக்கலாம். ஆங்கிலமாக இருந்தால் வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ வரிவரியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ‘அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா’ என்று யாராவது சொன்னால், விடாமல் கேளுங்கள்.

ஆர்டர் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். முதலில் போலீஸ் தரப்புக் கதை. அப்புறம் ‘மனுதாரர் தரப்பில் கூறப்பட்டது’, ‘அரசுத் தரப்பில் ஆட்சேபிக்கப்பட்டது’ என்று இரு பக்க வாதம். கடைசியில் கோர்ட் தன் வாயால் சொல்லும் சில வரிகள். முதல் பகுதியைப் படித்துவிட்டு ‘ஜட்ஜே குற்றவாளின்னு எழுதிட்டாரு’ என்று பதறுகிறவர்கள் உண்டு. அது போலீஸ் சொன்னது, கோர்ட் அதை எடுத்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ‘இரு தரப்பும் கேட்கப்பட்டது’ என்ற வரியிலிருந்துதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு மாதிரி பார்ப்போம். கொள்ளிடக் கரையில் ராத்திரி மணல் ஏற்றிய டிராக்டர் பிடிபட்டது. ஓட்டுநர் ஏ1. டிராக்டர் உரிமையாளர் ஏ2, ஆளைக் காணோம். ஒரு யூனிட் மணலும் டிராக்டரும் பறிமுதல். ஓட்டுநர் ஏழாவது நாள் ஜாமீன் கேட்கிறார். ஆர்டரின் கடைசிப் பகுதி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘இரு தரப்பும் கேட்கப்பட்டது. குற்றம் இயற்கை வளம் தொடர்பானது. புலன் விசாரணை ஆரம்பக் கட்டத்தில் உள்ளது. இரண்டாம் எதிரி தலைமறைவாக உள்ளார். மனுதாரர் மீது முன் வழக்குகள் 2 உள்ளதாக அரசுத் தரப்பில் கூறப்படுகிறது. மனுதாரர் சிறையில் இருப்பது 7 நாட்களே. வெளியே வந்தால் சாட்சிகளைக் கலைக்க வாய்ப்புள்ளது. எனவே இந்நிலையில் ஜாமீன் வழங்க இந்நீதிமன்றம் விரும்பவில்லை.’

ஆறு காரணம் இருக்கிறது. ஆறும் ஒரே எடை இல்லை.

‘இயற்கை வளம்’ என்பது குற்றத்தின் தன்மை. அது நாளைக்கும் மாறாது, அடுத்த மாதமும் மாறாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். குற்றம் பெரிது என்பது பார்க்க வேண்டிய ஒன்று, ஆனால் அது மட்டுமே ஒருவரை விசாரணை முடியும்வரை உள்ளே வைக்கப் போதாது என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. சிறை விதிவிலக்கு, ஜாமீன்தான் விதி என்ற பேச்சு 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய உத்தரவிலிருந்து வருவது. வக்கீல்கள் தினம் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துபோய்விட்டது என்பது வேறு விஷயம்.

‘ஆரம்பக் கட்டம்’, ‘7 நாட்களே’ இரண்டும் நாள் போகப் போகத் தானே கரையும் காரணங்கள். ஆனால் சும்மா காத்திருந்தால் போதாது. விசாரணையில் என்ன முடிந்தது என்று காட்ட வேண்டும். டிராக்டர் பிடிபட்டது, மணல் அளந்தாயிற்று, மகஜர் (பறிமுதல் செய்ததற்கான பதிவு) எழுதியாயிற்று, ஓட்டுநரிடமிருந்து இனி எடுக்க எதுவும் இல்லை. இதைத் தேதியோடு எழுதிக் கொடுத்தால் ‘விசாரணை நிலுவை’ என்ற ஒரு வார்த்தையைத் திரும்ப எழுதுவது கோர்ட்டுக்குக் கொஞ்சம் கடினமாகும்.

‘ஏ2 தலைமறைவு’ என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். முதலாளி ஓடிவிட்டார், கூலிக்கு ஓட்டியவன் உள்ளே இருக்கிறான். ஒருவர் ஓடியதற்கு இன்னொருவரைப் பிடித்து வைப்பது சரியான காரணம் ஆகாது. ஆனால் இந்த இடத்தில் குடும்பம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிராக்டரின் ஆர்.சி. யார் பெயரில், ஓட்டுநருக்கு நாள் சம்பளம் எவ்வளவு, அன்றைக்கு யார் கூப்பிட்டார் என்ற விவரத்தை வக்கீலிடம் மறைக்காமல் சொல்வது. சில சமயம் அந்த முதலாளியே வக்கீல் வைத்துக் கொடுப்பார். அப்போது அந்த வக்கீல் யாருக்காகப் பேசுகிறார் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

‘முன் வழக்குகள் 2’. இங்கேதான் தாள் பேசும். ‘உள்ளதாக அரசுத் தரப்பில் கூறப்படுகிறது’ என்றால், யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை போலீஸ் கவுண்டரில், அதாவது ஜாமீனை எதிர்த்துப் போலீஸ் போடும் பதில் மனுவில், மூன்று முன் வழக்கு காட்டியிருந்தார்கள். ஒன்று ஐந்து வருடத்துக்கு முன்பே விடுதலை. இன்னொன்று அபராதம் கட்டி முடிந்த சில்லறை வழக்கு. மூன்றாவது வேறு ஆளின் வழக்கு: பெயர் ஒன்று, தகப்பனார் பெயர் வேறு. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுக்க நான் பழைய ரெக்கார்டு அறையில் இரண்டு நாள் தூசி தின்றேன். அடுத்த மனுவில் அந்த மூன்றும் ஒரே பக்கத்தில் பட்டியலாகப் போயின, ஆர்டரில் ‘முன் வழக்கு’ என்ற வார்த்தையே வரவில்லை. ஆகவே உங்கள் ஆள் மீது பழைய வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். எண், வருடம், கோர்ட், என்ன ஆயிற்று என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் போலீஸ் சொல்லும், அப்போது வக்கீல் முகத்தில் ஈயாடாது.

‘சாட்சிகளைக் கலைக்க வாய்ப்பு’. மணல் வழக்கில் சாட்சி பெரும்பாலும் வி.ஏ.ஓ.-வும் போலீஸ்காரரும்தான், அவர்களை ஓட்டுநர் எங்கே கலைப்பார்? இதை வக்கீல் சொல்லலாம். ஆனால் தெருச் சண்டை, வாய்க்கால் வரப்புத் தகராறு என்றால் இந்தக் காரணம் நிஜமானது. சாட்சி எதிர்வீட்டுக்காரர், குழாயடியில் தினமும் முகம் பார்க்க வேண்டும். அப்போது ‘கலைக்க மாட்டார்’ என்று சத்தியம் செய்வதைவிட, ‘வழக்கு முடியும்வரை திருச்சியில் அக்கா வீட்டில் தங்குகிறார், அங்கேயே காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறார்’ என்று நாமே முன்வந்து சொல்வது நல்லது. அக்கா வீட்டு முகவரிச் சான்றையும் மனுவோடு வையுங்கள். காரணத்துக்கு எதிராக ஒரு நிபந்தனையை நாமே நீட்டினால், நீதிபதிக்கும் வழி கிடைக்கும்.

வேறு சில காரணங்கள்

அடிதடி, கொலை முயற்சி வழக்குகளில் அதிகம் வருவது ‘காயம்பட்டவர் இன்னும் சிகிச்சையில் உள்ளார்’. இதற்கு வாதம் வேண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் வீடு திரும்பினாரா, எப்போது, காயம் எத்தகையது என்பது தெரிந்தவுடன் அதுவே மாறிய சூழ்நிலை. ஒன்று சொல்கிறேன், காயம்பட்டவர் வீட்டுக்கு நீங்களாகப் போய் விசாரிக்காதீர்கள். பழம் வாங்கிப் போனதே ‘மிரட்டினார்கள்’ என்று கவுண்டரில் ஏறியிருக்கிறது. வக்கீல் மூலமாக, அரசு வழக்கறிஞர் வழியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் ஜாமீன் விசாரணையில் பேச உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அவர்கள் தரப்பில் வக்கீல் வந்து நின்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

‘தப்பி ஓடக்கூடும்’ என்பதற்கு ஊரில் வேர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மற்ற ஊர்களில் பட்டா சிட்டாவைக் காட்டுவார்கள். நம் டெல்டாவில் இங்கேதான் சிக்கல். கோயில் நிலத்திலும் மட நிலத்திலும் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் எத்தனையோ பேர், வீடும் கோயில் மனையில் இருக்கும். முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரே இடத்தில் இருப்பார்கள், பெயரில் ஒரு சென்ட் இருக்காது. பயப்பட வேண்டாம். குத்தகை ரசீது, குத்தகை உரிமைப் பதிவேட்டின் நகல், அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இருக்கும் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் ரசீது, வீட்டு வரி ரசீது, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று. இவை எல்லாம் வேர்தான். இதைவிட்டு ஓடமாட்டான் என்று இவை சொல்லும் அளவுக்கு நாம் வாயால் சொல்ல முடியாது.

‘விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று வந்தால் என்னத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று பாருங்கள். கூப்பிட்டபோது வரவில்லை, பொருளை ஒளித்துவைத்தார் என்றால் அது காரணம். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பது காரணமே இல்லை. தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் இருக்கிறது. ‘பொதுமக்கள் கொந்தளிப்பில் உள்ளனர்’ என்பதும் அப்படித்தான், ஊர் கோபத்தைத் தணிக்க ஒருவரை முன்கூட்டியே தண்டிக்க முடியாது. ஆனால் வெளியே வந்தால் அவர் உயிருக்கே ஆபத்து, மறுபடி மோதல் வரும் என்று குறிப்பாகச் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில ஊர்களில் அது உண்மை.

கூட்டாளி ஒருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டால் ‘அவருக்குக் கொடுத்தார்களே’ என்று ஓடிவருவார்கள். அந்த ஆர்டரின் நகலையும் வாங்கி, இருவர் மீதும் சொல்லியிருக்கும் செயல் ஒன்றா என்று பாருங்கள். அரிவாள் எடுத்தவருக்கும் கூட நின்றவருக்கும் கோர்ட் ஒரே கணக்குப் போடாது.

தனிச் சட்டங்கள் வந்தால் இந்த மொத்தக் கணக்கும் மாறும். போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால், கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல், ‘இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு’ என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும், வெளியே வந்து மறுபடி செய்ய மாட்டார் என்றும் தோன்ற வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புப் போக வேண்டும். சிறப்பு நீதிமன்றம் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போட முடியாது, மேல்முறையீடுதான். இவற்றில் அனுபவமுள்ள வக்கீலைப் பாருங்கள், தெரிந்த வக்கீலை அல்ல.

மதுரையா, சென்னையா?

மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ், செஷன்ஸ் மறுத்தால் உயர் நீதிமன்றம். ஆயுள் தண்டனை வரை போகும் குற்றத்தில் மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் கொடுக்க மாட்டார். பெண்கள், நோயாளிகள், சிறார் விஷயத்தில் மட்டும் சட்டம் இடம் விடுகிறது. உயர் நீதிமன்றம் என்று வரும்போது டெல்டாக்காரருக்கு ஒரு வேடிக்கை உண்டு. 2004-இல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போயிற்று. நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னையிலேயே நின்றுவிட்டன. 2020-இல் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். ஆடுதுறையில் சண்டை நடந்தால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், அதே ரோட்டில் கொஞ்ச தூரம் கிழக்கே குத்தாலத்தில் நடந்தால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, வழக்குப் பதிந்த காவல் நிலையம் எந்த மாவட்டம் என்பதே கணக்கு. குடவாசல்காரர் ஒருவர் ‘மதுரை வக்கீல்’ ஒருவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றது நினைவிருக்கிறது. பணம் திரும்பவில்லை.

இரண்டாவது மனு

ஒரே கோர்ட்டில் மறுபடியும் ஜாமீன் கேட்கலாம். ஆனால் போன தடவைக்கும் இப்போதுக்கும் இடையில் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். பழைய மனுவையே தேதி மாற்றிப் போட்டால் பழைய ஆர்டரே தேதி மாறி வரும். முன்பு எந்த கோர்ட்டில் எப்போது மனு போட்டு என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு புது மனுவிலும் சொல்லியாக வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு வக்கீலுக்குத் தெரியாமல் இன்னொரு வக்கீலை வைத்து இன்னொரு கோர்ட்டில் மனு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வெளியே வந்தால், உண்மையை மறைத்தார் என்ற புதுக் காரணம் ஒன்று சேரும்.

என் வழி இதுதான். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடது பக்கம் ஆர்டரில் இருக்கும் காரணம், வரிவரியாக. வலது பக்கம் அதற்கு என்ன தாள் இருக்கிறது. வலது பக்கம் காலியாக இருக்கும் இடத்தில்தான் குடும்பம் அடுத்த வாரம் அலைய வேண்டும். வலது பக்கம் முழுக்கக் காலி என்றால் அவசரப்பட்டு மனு போட வேண்டாம் என்று வக்கீல் சாரிடம் சொல்வேன். காரணம் எதுவுமே எழுதாமல் ‘குற்றத்தின் தன்மையைக் கருதி’ என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்திருந்தால், அதுவே மேல் கோர்ட்டில் சொல்ல வேண்டிய முதல் விஷயம். ஜாமீன் கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும்.

கோர்ட் வாசல் டீக்கடையில் ஒருவர் வந்து ‘மேல ஆளு இருக்கு, முடிச்சிடலாம்’ என்பார். என் சித்தப்பா மகன் வழக்கில் எங்கள் வீட்டுக்கே அப்படி ஒருவர் வந்தார், நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு. இரண்டு பவுன் சங்கிலி போயிற்று. ஜாமீன் பிறகு கிடைத்தது, அறுபதாவது நாள் தாண்டி, சட்டப்படி.

விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் பி.என்.எஸ்.எஸ்.-இன் 479-ஆவது பிரிவைப் பாருங்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியை ஏற்கனவே உள்ளே கழித்துவிட்டவர், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவர், வெளியே வர வழி சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

குண்டாஸ் வந்துவிட்டால்

ரிமாண்டில் இருக்கும்போதே ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்று செய்தி வந்தால் அது வேறு பாதை. அது 1982-ஆம் வருடத்துத் தடுப்புக் காவல் சட்டம். மணல் கடத்துவோரும் அதன் பட்டியலில் உண்டு. மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போடுவார், 12 மாதம் வரை வைக்கலாம். ஜாமீன் ஆர்டர் கையில் இருந்தாலும் இதனால் வெளியே வர முடியாது. இதற்கு அரசுக்கு முறையீடு, அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று தனி வழி. இங்கேயும் காரணத்தைப் படிப்பதுதான் வேலை. ‘ஜாமீனில் வெளியே வரும் நிஜமான வாய்ப்பு இருக்கிறது’ என்று உத்தரவில் எழுதியிருப்பார்கள். ஆனால் அப்போது ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லை என்றால்? 2011-இல் ரேகா வழக்கில், தமிழ்நாட்டிலிருந்து போனதுதான், இந்த ஓட்டையை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவலை ரத்து செய்தது. குண்டாஸ் உத்தரவோடு தரும் ஆவணக் கட்டை ஒரு பக்கம்கூடத் தொலைக்காமல் வக்கீலிடம் கொடுங்கள்.

ஆர்டர் கிடைத்த பிறகு

‘பெயில் ஆச்சு’ என்று இனிப்பு வாங்கிவிட்டுப் பார்த்தால் ஆள் இன்னும் உள்ளே இருப்பார். ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். ஆதார், போட்டோ, சொத்து அல்லது வீட்டு வரி ரசீது, சில கோர்ட்டில் தாசில்தார் தரும் சால்வன்ஸி (சொத்து மதிப்பு) சான்று. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றார் என்பதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவரைப் பிடிக்காதீர்கள். நாளைக்கு அவர் ரசீது போலி என்று தெரிந்தால் உங்கள் ஆள் மறுபடி உள்ளே போவார்.

வெளிமாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுப்பது தப்பு என்று 1978-லேயே மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரின் வழக்கு அது, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்டர் வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. ஆளே கிடைக்காத குடும்பம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாகக் கண்டிஷன் கையெழுத்து. ‘தினமும் காலை 10.30 மணிக்கு’ என்று இருந்தால் 10.30-க்கு அங்கே இருக்க வேண்டும். நடவு நாள், கல்யாணம், காய்ச்சல் எதுவானாலும் வக்கீலுக்குச் சொல்லி முன்கூட்டியே கோர்ட்டில் அனுமதி வாங்குங்கள். போகிற நாளில் கையெழுத்துப் போட்ட பக்கத்தை, அனுமதித்தால், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நோட்டில் தேதியும் நேரமும் அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்த ரைட்டரின் பெயரும் எழுதுங்கள். ‘அவன் நாலு நாள் வரலை’ என்று ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வரும்போது, முதல் நாள் வாங்கிய அதே நோட்டு மறுபடி மேஜைக்கு வரும்.